கறவைப் பசுவின் தீவனத்தில் அமினோ அமிலச் சமநிலை: வடமராட்சிப் பண்ணையாளர் அறிய வேண்டியவை

பருத்தித்துறை நகருக்கு அதிகாலையில் வந்து சேரும் பாலில் பெரும்பகுதி பெரிய பண்ணைகளிலிருந்து வருவதில்லை. புலோலி, தும்பளை, அல்வாய், துன்னாலை, கரவெட்டி போன்ற கிராமங்களில் வீட்டுக் கோடியிலுள்ள கொட்டிலில் ஒன்று முதல் மூன்று பசுக்களை வைத்திருக்கும் குடும்பங்களே அப்பாலைத் தருகின்றன. வெங்காயச் செய்கையும் புகையிலைச் செய்கையும் காலத்துக்குக் காலம் கைவிட்டபோதும் அன்றாடச் செலவுக்குக் காசு தந்தது பசுவே. கணவனை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்றும் அதுவே நிலையான வருமானம். அவ்வாறான குடும்பமொன்று பாலை விற்றுப் பெறும் பணத்தின் பெரும்பகுதி மீண்டும் பிண்ணாக்குக் கடைக்கே சென்றுவிடுகிறது என்பதுதான் இன்றைய பிரச்சினையாகும்.

2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதைத் தொடர்ந்து நாட்டில் நெல், சோள விளைச்சல் வீழ்ச்சியடைந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அந்நியச் செலாவணி இன்றித் தீவன மூலப்பொருட்களின் இறக்குமதியும் தடைப்பட்டது. பால்மாவுக்காக மக்கள் வரிசையில் நின்ற அதே மாதங்களில், பால் தரக்கூடிய பசுக்களுக்குத் தீவனம் வாங்க வழியின்றிப் பண்ணையாளர்கள் அவற்றை விற்க நேர்ந்தது. அந்நெருக்கடியின் கடுமை தணிந்துள்ள போதிலும், இறக்குமதித் தீவனத்தை நம்பிய பால் உற்பத்தி எவ்வளவு பலவீனமானது என்ற பாடம் எஞ்சியுள்ளது.

இந்நிலையில் 'அமினோ அமிலச் சமநிலை' என்ற சொற்றொடர் தீவனப் பொதிகளிலும் விளம்பரங்களிலும் அடிக்கடி காணப்படுகிறது. விலை உயர்ந்த பொதியொன்றை வாங்கினால்தான் அச்சமநிலை கிடைக்கும் என்ற எண்ணமும் பரவியுள்ளது. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியானது, குடாநாட்டின் சிறு பண்ணையாளர் ஒருவர் தம்மிடமுள்ள பொருட்களைக் கொண்டே அதனை எவ்வாறு அடையலாம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புரதமும் அதன் எழுத்துக்களும்

புரதம் என்பது தனியொரு பொருளன்று. ஏறத்தாழ 20 வகை அமினோ அமிலங்கள் வெவ்வேறு ஒழுங்கில் கோக்கப்பட்ட சங்கிலிகளே புரதங்கள். தசை, குருதி, தோல், பால் ஆகிய ஒவ்வொன்றின் புரதத்துக்கும் தனித்தனி ஒழுங்கு உண்டு. இவற்றுள் சிலவற்றை உடல் தானே ஆக்கிக்கொள்ளும். ஏறத்தாழ 10 அமினோ அமிலங்களை உடலால் போதியளவு ஆக்க முடியாது. அவை உணவின் வழியாகவே கிடைக்க வேண்டும். லைசின், மெதியோனின், ஹிஸ்ரிடின், திரியோனின், லியூசின், ஐசோலியூசின், வலின், பினைல்அலனின், ரிப்ரோபன், ஆர்ஜினின் என்பன அவை. இவற்றையே 'இன்றியமையாத அமினோ அமிலங்கள்' என்கிறோம்.

ஈய எழுத்துக்களைக் கோத்துப் பத்திரிகை அச்சிட்ட காலத்தை மூத்த வாசகர்கள் அறிவர். அச்சுக் கோப்பவரின் தட்டில் 'ப', 'ம' ஆகிய எழுத்துக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். ஆனால் 'ழ்' என்ற எழுத்து 10 மட்டுமே இருக்குமாயின், 'யாழ்ப்பாணம்' என்ற சொல்லைப் பத்து முறைக்கு மேல் அவரால் கோக்க முடியாது. எஞ்சிய எழுத்துக்கள் எவ்வளவு இருந்தும் பயனில்லை. பசுவின் பால்மடியும் அவ்வாறே இயங்குகிறது. மிகக் குறைவாகக் கிடைக்கும் அமினோ அமிலமே பாற்புரதத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. அதனையே 'கட்டுப்படுத்தும் அமினோ அமிலம்' என்பர். மிஞ்சிய அமினோ அமிலங்கள் உடைக்கப்பட்டு, அவற்றின் நைதரசன் யூரியாவாகச் சிறுநீருடன் வெளியேறுகிறது. பிண்ணாக்குக்குக் கொடுத்த பணத்தின் ஒரு பகுதியும் அதனுடன் சேர்ந்தே செல்கிறது.

இந்த உண்மையை எமது சமையலறை நெடுங்காலமாக அறிந்து வைத்திருக்கிறது. அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு. உழுந்து, பயறு போன்ற அவரையினங்களில் லைசின் மிகுதி. ஆனால் மெதியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்து அரைக்கும் தோசையிலும், அரிசியுடன் பயறு சேர்த்துக் காய்ச்சும் ரமழான் நோன்புக் கஞ்சியிலும் ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. மாட்டின் தீவனத்தில் செய்ய வேண்டியதும் அடிப்படையில் இதுவே. ஆயினும் பசுவுக்கும் மனிதனுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அதனை விளங்கிக் கொள்ளாது தீவனக் கணக்குப் பார்ப்பது வீணாகும்.

முதல் இரைப்பை என்னும் தொழிற்சாலை

பசுவின் வயிறு நான்கு அறைகளைக் கொண்டது. அவற்றுள் மிகப் பெரியதான முதல் இரைப்பையில் கோடானுகோடி பற்றீரியாக்களும் ஏனைய நுண்ணங்கிகளும் வாழ்கின்றன. பசு உண்ணும் புரதத்தின் பெரும்பகுதியை இவை உடைத்து அமோனியாவாக மாற்றிவிடுகின்றன. பின்னர் அந்த அமோனியாவையும், புல்லிலும் தவிட்டிலும் உள்ள மாப்பொருள், நார்ப்பொருள் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் சக்தியையும் கொண்டு தமது உடற்புரதத்தைப் புதிதாகக் கட்டியெழுப்புகின்றன. இந்நுண்ணங்கிகள் நான்காம் இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் அடித்துச் செல்லப்பட்டு அங்கே செரிக்கின்றன. பசு உண்மையில் வாழ்வது தன் வயிற்றில் தானே வளர்த்த நுண்ணங்கிப் பயிரை அறுவடை செய்துதான் என்று கூறினும் மிகையாகாது.

பின்லாந்து நாட்டு விஞ்ஞானி ஆர்த்தூரி விர்தானன், தீவனப் பாதுகாப்புத் தொடர்பான பணிக்காக 1945ஆம் ஆண்டில் இரசாயனவியலுக்கான நொபெல் பரிசைப் பெற்றவர். புரதமே இல்லாத தீவனத்துடன் யூரியாவையும் அமோனியம் உப்புக்களையும் மட்டும் நைதரசனுக்காகக் கொடுத்து வளர்த்த பசுக்கள் கணிசமான அளவு பால் தந்ததை அவர் 1966ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்றியமையாத அமினோ அமிலங்கள் அனைத்தையும் நுண்ணங்கிகளால் ஆக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முதல் இரைப்பையில் உடையாமல் தப்பும் தீவனப் புரதமும் உண்டு. அது நேரடியாகச் சிறுகுடலை அடைகிறது. ஆகவே பசுவின் குருதிக்குச் செல்லும் அமினோ அமிலங்கள் இரு வழிகளில் வருகின்றன: ஒன்று நுண்ணங்கிப் புரதம், மற்றையது தப்பிச் செல்லும் தீவனப் புரதம். பெரும்பாலான பசுக்களில் அரைவாசியோ அதற்கும் மேலோ முதல் வழியிலேயே கிடைக்கிறது. நுண்ணங்கிப் புரதத்தில் லைசின் ஏறத்தாழ 8 வீதமும் மெதியோனின் ஏறத்தாழ 2.5 வீதமும் உள்ளன. பாற்புரதத்தின் அளவுகளும் இவற்றை மிகவும் ஒத்தவை. பாலுக்கு வேண்டிய எழுத்துக்களை ஏறக்குறைய அதே விகிதத்தில் தரும் அச்சுத்தட்டு பசுவின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது என்பது இதன் பொருள்.

லைசினும் மெதியோனினும்

ஐக்கிய அமெரிக்காவில் சார்ள்ஸ் ஷ்வாபும் அவரது சகாக்களும் 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அமினோ அமிலங்களைப் பசுவின் நான்காம் இரைப்பைக்குள் நேரடியாகச் செலுத்திப் பார்த்தனர். பாற்புரதத்தை முதலில் கட்டுப்படுத்துபவை லைசினும் மெதியோனினுமே என்பதை அவ்வாய்வு சுட்டிக்காட்டியது. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிப் பேரவை 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட கறவை மாட்டுப் போசணைக் கையேடு, உறிஞ்சப்படும் புரதத்தில் லைசின் 7.2 வீதமும் மெதியோனின் 2.4 வீதமும் இருப்பது உகந்தது எனக் கணித்தது. மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் இதிலிருந்தே பிரபலமாயிற்று. 2021ஆம் ஆண்டின் இறுதியில் வந்த அதன் எட்டாம் பதிப்பு, விகிதங்களை மட்டும் நோக்காது ஒவ்வோர் அமினோ அமிலமும் கிராம் கணக்கில் எவ்வளவு கிடைக்கிறது என்பதை நோக்கும் முறைக்கு மாறியுள்ளது.

இக்கணக்கை எமது கொட்டிலுக்குக் கொண்டுவருவோம். நாளொன்றுக்கு 8 லீற்றர் பால் தரும் கலப்பினப் பசுவொன்றை எடுத்துக்கொள்வோம். பாலில் 3.2 வீதம் புரதம் எனின், அப்பசு தினமும் ஏறத்தாழ 260 கிராம் பாற்புரதத்தை வெளியேற்றுகிறது. அதில் லைசின் ஏறத்தாழ 21 கிராம். மெதியோனின் ஏறத்தாழ 7 கிராம். உறிஞ்சப்படும் புரதத்தில் மூன்றில் இரண்டு பங்கே பாலாக மாறுவதால், பாலுக்காக மட்டும் 30 கிராமுக்கு மேல் லைசினும் 10 கிராம் அளவில் மெதியோனினும் உடலுக்குள் செல்ல வேண்டும். உடலைப் பேணுவதற்கும், வயிற்றில் வளரும் கன்றுக்கும் வேண்டியது இதற்கு மேலதிகமாகும்.

எமது தீவனங்களின் நிறைகுறை

குடாநாட்டில் வழக்கமாகப் பயன்படும் தீவனங்களை இந்த அளவுகோலால் நோக்கினால் பல விடயங்கள் தெளிவாகும்.

தேங்காய்ப் பிண்ணாக்கு: 100 கிலோவில் ஏறத்தாழ 20 கிலோ புரதம். அப்புரதத்தின் கணிசமான பங்கு முதல் இரைப்பையில் உடையாமல் தப்பிச் செல்கிறது. இது நல்ல பண்பு. ஆனால் அதில் லைசின் 3 வீதத்துக்கும் குறைவு. ஒரு கிலோ தேங்காய்ப் பிண்ணாக்கில் உள்ள மொத்த லைசினே 5 கிராம் அளவினதுதான்.

எள்ளுப் பிண்ணாக்கு: செக்கில் நல்லெண்ணெய் ஆட்டியபின் எஞ்சும் இதில் 35 முதல் 40 வீதம் வரை புரதம் உண்டு. தாவரப் புரதங்களுள் மெதியோனின் மிக அதிகமாக உள்ளவற்றுள் இதுவும் ஒன்று. லைசினோ மிகக் குறைவு. கன்று ஈன்ற பசுவுக்கு எள்ளுப் பிண்ணாக்கை ஊறவைத்துக் கொடுத்த எமது மூதாதையர், பெயரறியாமலே மெதியோனினைக் கொடுத்திருக்கின்றனர்.

உழுந்து, பயறு ஆகியவற்றின் உமியும் உடைசலும்: லைசின் மிகுந்தவை, மெதியோனின் குறைந்தவை. எள்ளுப் பிண்ணாக்குடன் சேரும்போது ஒன்றையொன்று நிரப்புபவை. சோயாப் பிண்ணாக்கும் இவ்வகையினதே. அதில் புரதம் 44 வீதத்துக்கு மேல். லைசின் அப்புரதத்தில் 6 வீதத்துக்கு மேல். ஆனால் அது இறக்குமதியை நம்பியது.

அரிசித் தவிடு: புரதம் 12 வீதம் அளவில். லைசின், மெதியோனின் இரண்டும் நடுத்தர அளவில் உள்ளன. உமி கலந்த தவிட்டுக்கு இம்மதிப்புப் பொருந்தாது.

வைக்கோல்: புரதம் 4 வீதம் அளவில் மட்டுமே. முழுத் தீவனத்திலும் புரதம் 7 வீதத்துக்குக் குறையுமாயின் முதல் இரைப்பை நுண்ணங்கிகளே பட்டினி கிடக்கும், நார்ப்பொருள் செரிக்காது, பசு உண்ணும் அளவும் குறையும். வைக்கோலையும் கிழித்த பனையோலையையும் மட்டும் உண்ணும் பசு வயிறு நிறைந்தும் மெலிவது இதனாலேயே.

மீன்தூள்: லைசினும் மெதியோனினும் நிறைந்தது, முதல் இரைப்பையில் எளிதில் உடையாதது. பருத்தித்துறைக் கரையில் கழிவு மீனுக்குக் குறைவில்லை. ஆனால் உப்பும் மணலும் கலந்த, சரியாகக் காயாத மீனைக் கொடுப்பது ஆபத்தானது. பாலில் வாடையும் ஏறக்கூடும்.

விலங்குப் புரதம் பற்றி இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். பிரித்தானியாவில் 1986ஆம் ஆண்டு இனங்காணப்பட்ட 'விசர் மாட்டு நோய்', மாடுகளுக்கு மாட்டின் இறைச்சி, எலும்புத் தூளையே தீவனமாகக் கொடுத்ததால் பரவியது. 1988இல் அத்தகைய தீவனம் அங்கு தடைசெய்யப்பட்டது. அந்நோய்க்கும் மனிதரில் ஏற்பட்ட உயிர்கொல்லி மூளைநோய்க்கும் தொடர்பிருப்பது 1996இல் அறிவிக்கப்பட்டது. புல்லுண்ணும் பிராணியைத் தன்னினத்தை உண்ண வைத்ததன் விளைவு அது. அசுத்தத்தை உண்டு வளரும் பிராணியை 'ஜல்லாலா' என வகைப்படுத்தி, அது தூய தீவனத்தில் வைத்துப் பராமரிக்கப்படும் வரை அதன் பாலையும் இறைச்சியையும் தவிர்க்குமாறு இஸ்லாமியச் சட்டநூல்கள் கூறுகின்றன. ஆலய அபிஷேகத்துக்குப் பால் கொடுக்கும் சைவக் குடும்பங்களுக்கும் பசு உண்பது என்ன என்ற கேள்வி முக்கியமானதே. ஆகவே உள்ளடக்கம் குறிப்பிடப்படாத 'புரதத் தூள்' எதனையும் வாங்காதிருப்பது இரு சமூகத்தவர்க்கும் பொருத்தமான விதியாகும்.

வேலியில் நிற்கும் லைசின்

மேற்கூறிய கணக்கிலிருந்து ஒரு முடிவு தெளிவாகப் பெறப்படுகிறது. பசுவுக்கு லைசினைத் தருவதில் எந்தப் பிண்ணாக்கும் நுண்ணங்கிகளுக்கு இணையாகாது. 8 லீற்றர் பசுவொன்று நன்கு உண்டால், அதன் நுண்ணங்கிகளிலிருந்து மட்டும் தினமும் 400 கிராமுக்கு மேல் செரிக்கக்கூடிய புரதம் கிடைக்கும். அதில் லைசின் 30 கிராமுக்கு மேல். ஒரு கிலோ தேங்காய்ப் பிண்ணாக்கு தரும் 5 கிராமுடன் இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். எனவே முதற்பணி நுண்ணங்கிகளுக்கு உணவளிப்பதாகும். அவற்றுக்கு வேண்டியவை இரண்டு: எளிதில் உடையும் நைதரசன், அத்துடன் ஒரே வேளையில் கிடைக்கும் சக்தி.

எளிதில் உடையும் நைதரசனைத் தரும் பொருள் எமது வேலிகளில் நிற்கிறது. சீமைக்கிளுவை எனவும் வழங்கும் கிளிசிறிடியா இலையின் உலர்நிறையில் 20 முதல் 25 வீதம் புரதம் உண்டு. அகத்தி, முள்முருக்கு, முருங்கை, இப்பில் இப்பில் ஆகியவற்றின் குழைகளும் புரதம் செறிந்தவையே. கிளிசிறிடியாக் குழையை வெட்டிச் சில மணி நேரம் வாடவிட்டுக் கொடுத்தால் அதன் மணம் தணிந்து மாடு விரும்பி உண்ணும். இப்பில் இப்பிலில் மிமோசின் என்ற நச்சுப் பொருள் இருப்பதால் அது மொத்தத் தீவனத்தில் மூன்றிலொரு பங்கைத் தாண்டக்கூடாது.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வடமராட்சியின் கிடுகு வேலிகளும் உயிர் வேலிகளும் வேகமாகச் சீமெந்து மதில்களாக மாறிவருகின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் எழும் மதில் பாதுகாப்புக்கு நல்லதாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு மதிலும் எழும்போது ஒரு பசுவின் குழையும் குறைகிறது என்பதை எவரும் கணக்கிடுவதில்லை. வேலியை இழந்த வீடு அதே நைதரசனைக் கடையில் பணம் கொடுத்து வாங்க வேண்டியுள்ளது. மதிலின் உட்புறமாகவேனும் இரு வரிசைக் கிளிசிறிடியாத் தடிகளை நாட்டுவது இவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்யும்.

ஓர் உதாரணத் தீவனம்

350 கிலோ நிறையுள்ள, 8 லீற்றர் பால் தரும் பசுவுக்கு நாளொன்றுக்குப் பின்வருமாறு கொடுக்கலாம்: தமிழ்நாட்டின் கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்டு எமது நாட்டிலும் பரவியுள்ள கோ-3 புல் 20 கிலோ, வாடவிட்ட கிளிசிறிடியாக் குழை 5 கிலோ, வைக்கோல் 2 கிலோ, நல்ல அரிசித் தவிடு ஒன்றரைக் கிலோ, தேங்காய்ப் பிண்ணாக்கு 1 கிலோ, எள்ளுப் பிண்ணாக்கு அரைக் கிலோ, கனியுப்புக் கலவை 50 கிராம். இதன் உலர்நிறை ஏறத்தாழ 10 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. புரதம் ஏறத்தாழ 13 வீதம்.

இத்தீவனத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பணி உண்டு. குழை நுண்ணங்கிகளுக்கு நைதரசனைத் தருகிறது. புல்லும் தவிடும் சக்தியைத் தருகின்றன. தேங்காய்ப் பிண்ணாக்கு தப்பிச் செல்லும் புரதத்தைத் தருகிறது. அதில் குறையும் லைசினை நுண்ணங்கிப் புரதம் நிரப்புகிறது. எள்ளுப் பிண்ணாக்கு மெதியோனினைச் சேர்க்கிறது. புல்லை 40 நாட்களளவில் வெட்ட வேண்டும். முற்றிய புல்லில் புரதமும் சக்தியும் குறைந்துவிடும். இது ஒரு மாதிரி மட்டுமே. பசுவின் நிறை, பாலின் அளவு, சினைக்காலம் என்பவற்றுக்கு ஏற்பப் பிரதேச கால்நடை வைத்தியரின் ஆலோசனையுடன் மாற்றிக்கொள்ள வேண்டும். எந்தத் தீவன மாற்றத்தையும் பத்து நாட்களளவில் படிப்படியாகவே செய்ய வேண்டும். நுண்ணங்கிகள் புதிய உணவுக்குப் பழகக் காலம் தேவை.

வைகாசி முதல் புரட்டாதி வரையிலான வறட்சிக் காலமே குடாநாட்டில் நெருக்கடியானது. மாரியிலும் அதனையடுத்தும் மிகுதியாகக் கிடைக்கும் குழையை நிழலில் உலர்த்திச் சாக்குகளில் சேமிக்கலாம். வைக்கோலை யூரியாவால் பதப்படுத்துவது மற்றொரு வழி. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் நன்கு கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரங்கள் மூடிவைக்க வேண்டும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யூரியா வடக்குக்குத் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் ஒன்றாக இருந்தமையால் இம்முறை அக்காலத்தில் இங்கு வேரூன்ற வழியிருக்கவில்லை. இன்று அத்தடை இல்லை. ஆயினும் யூரியாவை நேரடியாகவோ கரைசலாகவோ மாட்டுக்குக் கொடுப்பது உயிராபத்தானது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்குப் பதப்படுத்திய வைக்கோலும் ஆகாது. யூரியாவிலிருந்து மெதியோனினை ஆக்க நுண்ணங்கிகளுக்குக் கந்தகமும் வேண்டுமாதலால் கனியுப்புக் கலவையைத் தவிர்க்கலாகாது.

மாரிகாலத்தில் பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கைக் கொடுப்பது மற்றொரு தவறு. அதில் உண்டாகும் அஃப்ளாரொக்சின் என்ற நஞ்சு பசுவின் ஈரலைத் தாக்குவதோடு, மாற்றமடைந்த வடிவில் பாலிலும் சேர்ந்து அதனை அருந்தும் குழந்தையையும் சென்றடைகிறது. பிண்ணாக்கைத் தரையில் வைக்காது மரப்பலகை மீது வைத்து, சிறிது சிறிதாக வாங்குவதே நன்று.

பொதியிலுள்ள அமினோ அமிலம்

சாதாரண லைசினையோ மெதியோனினையோ தூளாகத் தீவனத்தில் கலந்தால் அதன் பெரும்பகுதியை முதல் இரைப்பை நுண்ணங்கிகள் உடைத்துவிடும். கோழிக்குப் பயன்படும் தூள் மாட்டுக்குப் பயன்படாமைக்குக் காரணம் இதுவே. ஆகவே கொழுப்பு முதலியவற்றால் மேற்பூச்சிட்டு, முதல் இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலில் கரையுமாறு செய்யப்பட்ட 'பாதுகாக்கப்பட்ட' மெதியோனினும் லைசினும் மேலைநாடுகளில் விற்பனையாகின்றன. நாளொன்றுக்கு 30, 40 லீற்றர் தரும் பசுக்களுக்கு நுண்ணங்கிப் புரதம் மட்டும் போதாது. அங்கு இவை பயன் தருகின்றன. 6 அல்லது 8 லீற்றர் தரும் எமது பசுவில் பாலைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் சக்தியும் நுண்ணங்கிகளுக்குரிய நைதரசனுமே. அவற்றைச் சரிசெய்யாது பாதுகாக்கப்பட்ட மெதியோனினை வாங்குவது, அத்திவாரம் இடாத வீட்டுக்கு ஓடு வாங்குவதற்கு ஒப்பாகும்.

அயலில் நடந்த ஒரு முயற்சி இதற்கு ஆதாரமாகும். இந்தியத் தேசிய பாற்பண்ணை அபிவிருத்திச் சபை, 2012 முதல் 2019 வரை நடைமுறையிலிருந்த தேசியப் பாற்பண்ணைத் திட்டத்தின் முதற் கட்டத்தில், கிராமத்துக்கு ஒருவரைப் பயிற்றுவித்து, ஒவ்வொரு மாட்டின் நிறையையும் பாலையும் கிடைக்கும் தீவனங்களையும் கணினியில் பதிந்து, சமநிலைத் தீவனத்தைக் கணித்துக் கொடுத்தது. 20 இலட்சத்துக்கும் அதிகமான மாடுகள் அத்திட்டத்தில் சேர்க்கப்பட்டன. உள்ளூர்ப் பொருட்களை மறுசீரமைப்பதே அதன் அடிப்படை. புதிய பொருட்களை விற்பதன்று. கையடக்கத் தொலைபேசி எல்லா வீடுகளிலும் உள்ள வடமராட்சியில் இத்தகைய சேவையை நடத்துவது கடினமான காரியமன்று.

பணமும் கிணறும்

பால் சேகரிப்பு நிலையங்களில் விலை, பாலின் கொழுப்பையும் கொழுப்பற்ற திண்மங்களையும் கொண்டே கணிக்கப்படுகிறது. கொழுப்பற்ற திண்மத்தில் புரதம் ஒரு முக்கிய பங்காகும். அமினோ அமிலச் சமநிலை சீராகும்போது பாலின் அளவு கூடாவிடினும் புரத வீதம் உயர வாய்ப்புண்டு. கன்று ஈன்ற முதல் இரு மூன்று மாதங்களில் பசு தன் தசையையே கரைத்துப் பால் கொடுக்கிறது. அக்காலத்தில் சமநிலையான புரதமும் சக்தியும் கிடைத்தால் மெலிவு குறையும். மீண்டும் சினைப்படுவதும் தாமதமாகாது. ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையில் சில மாதங்களை மீதப்படுத்துவதே சிறு பண்ணையாளருக்கு மிகப் பெரிய இலாபம். 2022 டிசெம்பரில் புயலை ஒட்டிய குளிரில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் இறந்தன. கொழுப்பும் தசையும் வற்றிய உடல் அத்தகைய குளிரைத் தாங்குவது கடினம் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இறுதியாக, குடாநாட்டுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. எமது குடிநீர் சுண்ணாம்புப் பாறையின் அடியிலிருந்து வருகிறது. மேற்பரப்பில் விழும் நைதரசன் விரைவில் கிணற்றைச் சென்றடைகிறது. குடாநாட்டின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பது நீண்டகாலமாக அறியப்பட்ட விடயம். அதற்கு உரமும் மலக்குழியும் மட்டுமன்றி விலங்குக் கழிவும் காரணமாகும். பசு உண்ணும் நைதரசனில் காற்பங்கு அளவே பாலில் சேர்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி சாணத்திலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது. தேவைக்கு மிஞ்சிய பிண்ணாக்கைக் கொடுப்பவர் தம் பணத்தையும் இழந்து, தம் கிணற்றையும் கெடுத்துக்கொள்கிறார். பாலில் உள்ள யூரியா நைதரசனை அளப்பதன் மூலம் இதனைக் கண்டறியலாம். அது நூறு மில்லிலீற்றருக்கு 10 முதல் 16 மில்லிகிராம் வரை இருப்பது பொதுவாக உகந்தது. அதற்கு மேற்பட்டால் புரதம் வீணாகிறது அல்லது சக்தி போதவில்லை என்பது பொருள்.

இச்சோதனையை எமது பால் சேகரிப்பு நிலையங்களில் அறிமுகப்படுத்துவதும், உள்ளூர்த் தீவனங்களின் அமினோ அமில அளவுகளைத் தமிழில் ஓர் அட்டவணையாக வெளியிடுவதும் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களமும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சியில் இயங்கும் விவசாய பீடமும் இணைந்து செய்யக்கூடிய பணிகளாகும். அவ்வட்டவணை வடமராட்சிக்கு மட்டுமன்றி, மன்னார், புத்தளம், கிழக்கு மாகாணம் ஆகிய பகுதிகளில் மாடு வளர்க்கும் தமிழ், முஸ்லிம் பண்ணையாளர் அனைவருக்கும் உதவும். அது வரும்வரை காத்திராது ஒவ்வொரு பண்ணையாளரும் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு: அடுத்த பிண்ணாக்குச் சாக்கை வாங்குவதற்கு முன், வரும் மாரி மழையுடன் வளவின் ஓரத்தில் பத்துக் கிளிசிறிடியாத் தடிகளை நாட்டி வைப்பது.